ஒரு ஸ்டூலுக்கு ஒன்றரை வருடம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 12 வருடமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். ‘வேலை பார்க்கிறேன்’ என்றுதான் எழுத வந்தேன், கை தானாக ‘நிற்கிறேன்’ என்று போட்டுவிட்டது. சரி, அப்படியே இருக்கட்டும்.

2021 செப்டம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், சுடிதார் பிரிவில் இருந்த தங்கச்சி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “அக்கா, இனிமே நாம உட்காரலாமாம்!” சட்டமன்றத்தில் மசோதா வந்திருக்கிறது, கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று செய்தி. 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருகிற மாதிரி, எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த வாரமே ஸ்டூல் வந்துவிடும் என்று நினைத்தோம். தீபாவளி போனது, பொங்கல் போனது. ஸ்டூலைக் காணோம்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். காலையில் 9.30க்கு உள்ளே போனால் ராத்திரி 9.30க்கு வெளியே வருவோம். நடுவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அதுவும் பாட்ச் பாட்சாக. ஆளே இல்லாத மத்தியான வேளையிலும் கவுண்டருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். ரேக்கில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு 50 ரூபாய் பிடிப்பார்கள். அடிக்கடி பாத்ரூம் போகக் கூடாது என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகினோம். எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. டாக்டர் பார்த்துவிட்டு, “ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா” என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சின்ன வயதில் அம்மாவோடு ஜவுளி எடுக்கப் போன கடைகள் ஞாபகம் இருக்கின்றன. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார், நாமும் எதிரே உட்காருவோம். சேலையை அவர் உட்கார்ந்தபடியே விசிறிப் போடுவார். ஷோரூம், கண்ணாடிக் கவுண்டர், ஏசி எல்லாம் வந்தபோது வாடிக்கையாளருக்கு மட்டும் சோபா வந்தது, மெத்தை போய்விட்டது. யார் எங்களை எழுப்பி நிறுத்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்களுக்குள் ஒரு சீட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாதம் 1000 ரூபாய், 12 பேர். அந்தச் சீட்டிலிருந்துதான் எல்லாம் கிளம்பியது. கடை மூடியதும் பெரியார் பஸ் நிலையத்துக்கு நடக்கிற கால் மணி நேரம்தான் எங்கள் பொதுக்குழு, செயற்குழு எல்லாம். ஹாஸ்டல் பிள்ளைகள் அதில் சேர முடியாது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள், கடை வேனில் ஏறி நேராக ஹாஸ்டலுக்குப் போய்விடுவார்கள். அவர்களிடம் பேச வேண்டுமென்றால் ஸ்டாக் மடிக்கும் நேரத்தில் வாயை அசைக்காமல் பேச வேண்டும்.

முதலில் ஒரு தப்புச் செய்தோம். வாட்ஸ்அப்பில் ‘சீட்டு’ என்ற பெயரிலேயே ஒரு குரூப் ஆரம்பித்து அதில் ஸ்டூலைப் பற்றிப் பேசினோம். நாலாவது நாள் அதன் ஸ்கிரீன்ஷாட் மேனேஜர் கையில் இருந்தது. இரண்டு பேரைக் கூப்பிட்டு, “உட்காரணும்னா வீட்ல உட்காருங்க” என்று சொல்லி அனுப்பினார். யார் காட்டிக்கொடுத்தது என்று ஆளாளுக்குச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். நான் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. தேட ஆரம்பித்திருந்தால் சீட்டுகூட மிஞ்சியிருக்காது. குரூப்பைக் கலைத்துவிட்டு 2022 மார்ச்சில் நோட்டுக்கு மாறினோம்.

நோட்டு என்றால் பில் புக் அளவுக்குச் சின்ன நோட்டு. 2 வாரத்துக்குத் தினமும் எத்தனை நிமிடம் உட்கார்ந்தோம் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். யோசனை சுடிதார் தங்கச்சியுடையது. முதல் வாரம் நான் உட்கார்ந்தது, சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து, 3 மணி 10 நிமிடம். அந்த 10 நிமிடம் பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தது. அதுவரைக்கும் ‘கால் வலிக்குது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். எண்ணாகப் பார்த்த பிறகு எல்லாருக்கும் கோபம் வந்தது.

அந்த நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனோம். மாடிப்படி ஏறும்போதே பாதிப் பேருக்குக் கை நடுங்கியது. சங்கத்துக்காரர் என்றால் கொடி, கோஷம், கடை வாசலில் மறியல் என்றுதான் எங்கள் நினைப்பு. அங்கே இருந்தவர் 60 வயதைத் தாண்டிய தோழர். நாங்கள் எழுதிக்கொண்டு போன 4 பக்க மனுவை நிதானமாகப் படித்தார். சம்பளம், போனஸ், ஃபைன், கழிப்பறை, ஃப்ளோர் சூப்பர்வைசரின் வாய் என்று எல்லாவற்றையும் அதில் கொட்டியிருந்தோம். “எல்லாம் நியாயம்தான். ஆனா இப்ப ஒண்ணை மட்டும் கேளுங்கம்மா” என்றார்.

அங்கேயே சண்டை வந்துவிட்டது. பட்டுப் பிரிவில் இருக்கும் அக்கா எங்களில் மூத்தவர். “12 மணி நேரம் வேலை வாங்குறான். ஓவர்டைம் காசைக் கேக்காம ஸ்டூலைக் கேக்கச் சொல்றீங்களே தோழர்? ஸ்டூலா சோறு போடும்?” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் மணிக்கணக்கை நிரூபிக்க வருகைப் பதிவேடு வேண்டும், அது முதலாளி கையில். ஸ்டூல் இருக்கிறதா இல்லையா என்பதை நிரூபிக்கக் கண் இருந்தால் போதும் என்றார் தோழர். எனக்கு அது சரியாகப் பட்டது. அக்காவுக்குப் படவில்லை. கடைசிவரை முனகிக்கொண்டேதான் கூட வந்தார்.

அன்றைக்குத் தோழர் சொல்லித்தான் கோழிக்கோட்டுக் கதை தெரியும். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களை, தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரட்டியிருக்கிறார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு உட்காரும் உரிமை. 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. நமக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நம்மைப் போல ஆட்கள்தான் இதைச் செய்தார்கள் என்று கேட்டது தைரியமாக இருந்தது. அக்கா மட்டும், “அப்ப கழிப்பறையைத்தானே முதல்ல கேட்டாங்க?” என்றார். தோழரே சிரித்துவிட்டார்.

அடுத்தது, வேலையை விட்டுத் தூக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தச் சட்டத்தின் 41ஆம் பிரிவு ஒன்றைச் சொல்கிறது: தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீசோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமல் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 6 மாதம் வேலை பார்த்தோம் என்பதற்கு ஆதாரம்? எங்களில் ஒருவருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது. இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் மெசேஜ், சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு என்று ஒரு மாதம் முழுக்க ஒவ்வொருவராகச் சேர்த்தோம். எங்களைப் போல யாராவது இறங்குவதாக இருந்தால் இந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு ஐடி கார்டைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.

ஜூனில் 23 பேர் சங்கத்தில் உறுப்பினரானோம். மனுவில் எங்கள் பெயர் ஒன்றுகூடப் போகவில்லை. சங்கத்தின் பெயரில்தான் போனது, எங்கள் பெயர்கள் சங்கத்தின் பதிவேட்டோடு நின்றன. ஜூலையில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்தோம். “வச்சிட்டுப் போங்க” என்றார் அங்கே இருந்தவர். வைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். தோழர் நகரவில்லை. மனுவின் நகலில் சீல், தேதி, சுருக்கொப்பம் மூன்றும் வாங்கிய பிறகுதான் நகர்ந்தார். அதற்கே 40 நிமிடம் ஆனது. அந்த ஒரு தாள் பிறகு எங்களுக்கு எத்தனை தடவை கைகொடுத்தது என்று சொல்லி மாளாது.

2 மாதம் ஒன்றும் நடக்கவில்லை. செப்டம்பரில் ஒரு திங்கள்கிழமை, எனக்கு வார விடுமுறை விழுந்த அன்று, கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போனேன். மனுவைப் பதிந்து நம்பர் போட்ட சீட்டு கொடுத்தார்கள். 3 வாரம் கழித்துப் பார்த்தால் அந்த மனு சுற்றிவிட்டு அதே தொழிலாளர் துறை அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது. எங்கே கொடுத்தாலும் அங்கேதான் வந்து விழுகிறது.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி நவம்பரில் தோழர் தன் பெயரில் போட்டார். கேள்வி மூன்றுதான். இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் மீது என்ன நடவடிக்கை? எந்த அலுவலரிடம் இருக்கிறது? இந்தக் கடையில் கடைசியாக ஆய்வு நடந்த தேதி என்ன? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வருவதற்கு முன்பே ஆய்வு வந்துவிட்டது.

அந்தக் காலையை நான் மறக்கவே மாட்டேன். 10 மணிக்குக் குடோனிலிருந்து 20 சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் மாடிக்கு வந்தது. எங்கள் பக்கம் பார்க்காமலே சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனார். 11 மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தியிடம், “உட்கார விடுறாங்களாம்மா?” என்று கேட்டார். அவளுக்குப் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். “விடுறாங்க சார்” என்றாள். 12.30க்கு ஸ்டூல்கள் குடோனுக்குத் திரும்பிப் போயின. அன்று ராத்திரி சேலை மடிக்கும்போது அந்தப் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எல்லாரும் சோர்ந்துவிட்டோம். 23 பேரில் 9 பேர் சந்தா கட்டுவதை நிறுத்தினார்கள். ஜனவரியில், அந்தச் சிவப்பு ஸ்டூல் கதையை அப்படியே மணி நேரத்தோடு எழுதி இரண்டாவது மனு கொடுத்தோம். ஒரே ஒரு வேண்டுகோள்தான்: அடுத்த தடவை சொல்லாமல் வாருங்கள், சாயங்காலத்தில் வாருங்கள். இதற்கு நடுவே சுடிதார் தங்கச்சியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். காரணம் ‘விற்பனை குறைவு’. சங்கத்திலிருந்து 41ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் போனதும் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தார்கள். மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்று எவ்வளவோ சொன்னோம். “வேணாம்க்கா, வீட்ல திட்டுறாங்க” என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டாள். இந்த விஷயத்தில் நாங்கள் தோற்றோம் என்றுதான் நினைக்கிறேன்.

2023 ஜூலை, ஆடித் தள்ளுபடிக் கூட்டம். சாயங்காலம் 6 மணி இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு நடுவே ஆய்வாளர் படியேறி வந்துகொண்டிருந்தார். தரையெங்கும் சேலைக் குவியல், ஒரு ஸ்டூல்கூட இல்லை. எழுதிக்கொண்டார், மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். நோட்டீஸ் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் கவுண்டருக்கு ஒன்றாக இரும்புக்கால் ஸ்டூல் வந்தது.

வந்ததே தவிர, யாரும் உட்காரவில்லை. 2 நாள் அதன் மேல் சேலைப் பெட்டிதான் உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர் இல்லாதபோது மட்டும் உட்காரலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தாலும், கேமரா இருக்கிறதே. யார் முதலில் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாம் நாள் மத்தியானம் 3 மணிக்குப் பட்டுப் பிரிவு அக்கா பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். காலை நீட்டி, கொண்டையைச் சரிசெய்துகொண்டார். சூப்பர்வைசர் வந்து எதிரே நின்றார். “என்னப்பா, சட்டம் தெரியாதா?” என்றார் அக்கா. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்த மனுஷனும் காலையிலிருந்து ராத்திரிவரை நிற்கிறவர்தான். இப்போது 9 மணிக்கு மேல் அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். நாங்கள் கண்டுகொள்வதில்லை.

சில வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள். தங்களைப் பார்த்ததும் நாங்கள் எழுந்திருக்க ஒரு நொடி தாமதமானால் போதும். ஓவர்டைம் பேச்சு அப்படியே கிடக்கிறது. அக்கா வாரத்துக்கு ஒரு தடவையாவது அதை ஞாபகப்படுத்தாமல் விடுவதில்லை.

போன மாதம் சுடிதார் தங்கச்சி போன் செய்தாள். அவள் இப்போது இருக்கும் கடையிலும் ஸ்டூல் இல்லையாம். அங்கேயும் ஒரு சீட்டு ஆரம்பித்திருக்கிறாளாம், 8 பேர். “பழைய மனுவோட நகல் இருக்காக்கா?” என்று கேட்டாள். எடுத்து அனுப்பினேன். கடைப் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிக்கொள், நகலில் சீல் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதே என்று சொன்னேன். “நோட்டு ஏற்கெனவே வாங்கியாச்சு” என்றாள்.