டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாதவை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் நின்றபோது மருத்துவமனை செய்த சிகிச்சையில் குறை சொல்ல எதுவுமில்லை. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரக் கெடுவுக்குள் ரத்த உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்திவிட்டார்கள். என் மனத்தாங்கல் எல்லாம் அவரை வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்துதான்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளும் மறுபரிசோதனைத் தேதியும் இருந்தன. விழுங்கும் திறனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தண்ணீரையும் கெட்டியாக்கியே கொடுக்க வேண்டும் என்று பேச்சுச் சிகிச்சையாளர் சோதித்துச் சொல்லியிருந்தது, செவிலியர் ஒருவர் வாசல்வரை வந்து சொன்னதால் மட்டுமே எங்களுக்குத் தெரிந்தது. பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு நீர் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் வராது. பிறகு நிமோனியாவாகத்தான் வெளியே தெரியும். எனவே எதை, எந்தப் பதத்தில், எப்படி உட்கார வைத்துக் கொடுப்பது என்பதை எழுத்தில் வாங்காமல் வார்டை விட்டு நகராதீர்கள்.

பேச்சுப் பயிற்சிக்கான பரிந்துரைக் கடிதமும் கோப்பில் இல்லை. அதைக் கேட்டுப் போனபோது, விண்ணப்பத்தை நோயாளியே தொலைபேசியில் வாய்மொழியாக உறுதிசெய்ய வேண்டும் என்று எழுத்தர் நிதானமாகச் சொன்னார். பேச முடியாதவர், பேச்சுப் பயிற்சி வேண்டும் என்று பேசிக் கேட்க வேண்டுமாம்! இதை விளக்கியும் அவர் அசையவில்லை. கடைசியில் இளம் மருத்துவர் ஒருவர் முன்னிலையில் அப்பா இடக்கையால் கோணலாகக் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம்தான் வேலை செய்தது. மீட்சி மிக வேகமாக நடப்பது முதல் 3 மாதங்களில்தான் என்பதால், இந்த அலைச்சலில் கரைந்த வாரங்களை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கும் நாளிலேயே அதிகாரக் கடிதத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பார்க்க வந்தவர்கள், காது கேளாதவரிடம் பேசுவதுபோல அவரிடம் கத்திப் பேசினார்கள். அவருக்குக் கேட்டது, சொல்தான் வரவில்லை. சிறு வாக்கியமாகக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது உதவியது. ஆனால் ஆரம்பத்தில் அவருடைய ‘ஆம்’ பல சமயம் ‘இல்லை’யாக இருந்ததால், படத்தையோ பொருளையோ காட்டி உறுதிசெய்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்த உதவியாளர் செயலிழந்த கையைப் பிடித்து அவரைத் தூக்கியதில் தோள் மூட்டு இடம் பிசகி, கைப்பயிற்சி தடைப்பட்டது. தசை தளர்ந்த தோளுக்கு அந்த இழுப்பு தாங்காது. இடுப்பைப் பிடித்தே எழுப்ப வேண்டும், உட்காரும்போது கைக்குக் கீழே தலையணை இருக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

பிறகு அவர் பயிற்சிக்கே மறுக்கத் தொடங்கினார். குறிப்பேட்டில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதைப் பற்றி ஒருவரும் விசாரிக்காததால் நானே மருத்துவரிடம் எடுத்துச் சொன்னேன். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் அவராகவே நடைக்கம்பியைப் பிடித்தார். அந்த வரியை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், முணுமுணுத்தபடியே திருத்தினார்கள்.