மணி அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம்

வேதபாட வகுப்பு முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது எங்கள் ஆசிரியர் வேதாகமத்தை மூடிவிடுவார். "விளங்கியதா?" என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. "இன்று எதைச் செய்யப் போகிறீர்கள்?" என்றுதான் கேட்பார். யாரும் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. மணி அடிக்கும்வரை வகுப்பு அமைதியாக இருக்கும்.

அந்த அமைதிக்கு நான் ஒரு தவணை முழுவதும் அஞ்சியிருக்கிறேன். நூலகப் புத்தகமொன்றிலிருந்து ஒரு வரைபடத்தைக் கிழித்து எடுத்திருந்தேன். எனக்குப் பின் அதே புத்தகத்தை வாங்கிய நண்பன்மீது பழி விழுந்தது. அந்தத் தவணை முடியும்வரை அவனுக்குப் புத்தகம் தரக்கூடாது என்று முடிவாயிற்று. புத்தகமில்லாமல் உறங்கச் செல்லாதவன் அவன். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரமே நாகமானின் வரலாறு பாடமாக வந்தது. சீரியப் படைத்தலைவன், குஷ்டரோகி. யோர்தான் நதியில் ஏழுதரம் முழுகு என்று எலிசா தீர்க்கதரிசி சொல்லியனுப்ப, அவனுக்குக் கோபம் வருகிறது. பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா என்று ஊழியக்காரர் அவனிடம் கேட்கிறார்கள். இந்த இடத்தில் ஆசிரியர் நிறுத்தினார். "பிள்ளை சொல் கேட்கிறான் என்றால், சத்தம் காதில் விழுகிறது என்றா பொருள்? எபிரேய மொழியிலும் ஷமா என்ற ஒரே சொல்தான், கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும்" என்றார். பிறகு அந்த ஒரு நிமிடம் வந்தது. நான் செய்ய வேண்டியது என்னவென்று எனக்கு ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. எழுந்து பத்து அடி நடந்தால் நண்பனின் மேசை.

நான் நடக்கவில்லை. வேறு என்னென்னவோ செய்தேன். பாடகர் குழுவில் சேர்ந்தேன். விடுதியில் உபவாசம் இருந்தேன். சங்கீதங்களை மனப்பாடம் செய்து ஒப்புவித்தேன். எல்லாரும் என்னைப் பக்தியுள்ள மாணவன் என்றார்கள். அந்த நாள்களை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது. எதையும் தப்பவைக்காதே என்ற கட்டளை இருந்தும் அமலேக்கியரின் மந்தையில் நல்லவற்றை வைத்துக்கொண்டு, கர்த்தருக்குப் பலியிடவே ஜனங்கள் தப்பவைத்தார்கள் என்று அரசன் சவுல் சாமுவேல் தீர்க்கதரிசியிடம் சொன்னதும் இதுதான். பலியைவிடக் கீழ்ப்படிதலே உத்தமம் என்ற பதிலைப் பல தடவை படித்திருந்தும், அது எனக்குரியது என்று கொள்ள மனம் வரவில்லை.

தவணையின் கடைசி வாரம் ஆசிரியரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. "என்னிடம் சொல்லிவிட்டாய், தம்பி. ஆனால் புத்தகம் மறுக்கப்பட்டது எனக்கல்லவே" என்றார். அன்று மாலையே நூலகரிடமும் நண்பனிடமும் போனேன். நண்பன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த வரைபடம் இன்னும் உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்டான். இருவருமாக அதைப் பசையிட்டு ஒட்டினோம். ஒரு மூலை கோணலாகிவிட்டது.

பள்ளிக்குப் பிறகு எனக்கு வந்த கட்டளைகளும் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருந்தன. அலுவலகக் கணக்கில் என் தவறை யாரும் காணும்முன் நானே சொல்லிவிடுவது. காரணமில்லாமல் அதட்டிய மகளிடம் அன்றிரவே மன்னிப்புக் கேட்பது. ஒருவரைப் பற்றிய பேச்சு நாவின் நுனிவரை வந்தபின் விழுங்கிவிடுவது. கர்த்தருடைய சித்தம் என்னவென்று விளங்கவில்லையே என்று நான் ஜெபித்த காலங்களும் உண்டு. அப்போதெல்லாம், விளங்கியதில் ஒன்றைச் செய்யாமல் வைத்திருந்தேன் என்பதைப் பின்னர்தான் கண்டேன்.

காலை ஜெபத்தின் முடிவில் அந்த ஒரு நிமிடத்தை இன்னும் கடைப்பிடிக்கிறேன். இந்த நினைவுக் கட்டுரையை எழுத உட்கார்ந்த அன்று, அந்த அமைதியில் என் அண்ணனின் முகம் வந்தது. ஒரு மனத்தாங்கலுக்குப் பின் நாங்கள் பேசியே நெடுநாளாயிற்று. கட்டுரையை முடித்துவிட்டு அழைக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போ என்ற மத்தேயு 5ஆம் அதிகாரத்து வசனம் பேனாவை நகரவிடவில்லை. தாளை மூடிவைத்துவிட்டு அண்ணனை அழைத்தேன். இந்த மலரை வெளியிடும் குழு தந்த நாளுக்கு இரண்டு நாள் பிந்தி இது வந்து சேர்வதற்குக் காரணம் அந்த அழைப்புத்தான்.