லிவர்மோரிலிருந்து எங்கே இறங்கலாம்? ஜூன் 7 கூட்டுப் பறப்புக் குறிப்புகள்

மே 4, ஞாயிறு

ஜூன் 7 அன்று ஒன்றாகப் பறந்துபோய்ச் சாப்பிட்டுத் திரும்ப ஏழு சிறு விமானங்கள் உறுதி: ஒரு செஸ்னா 150, மூன்று செஸ்னா 172, இரண்டு பைப்பர் செரோக்கி, ஒரு பொனான்சா. கிளம்பும் இடம் கலிபோர்னியாவின் லிவர்மோர். பட்டியலில் ஐந்து ஊர்கள் இருக்கின்றன: கேட்டலினா தீவு, சவுத் லேக் டாஹோ, ஹாரிஸ் ரான்ச், ஹாஃப் மூன் பே, கொலம்பியா. வழக்கம்போல எல்லோரும் மதியச் சாப்பாட்டை வைத்துத்தான் ஊர் சொல்கிறார்கள். பொனான்சாவுக்கு ஐந்துமே சரிப்படும் என்பதால் அதைக் கேட்டுப் பயனில்லை. கணக்கை, இருப்பதிலேயே மெதுவான 150-இலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் அடிபடுவது கேட்டலினா. தூரம் சுமார் 300 கடல் மைல். 150-இன் வேகம் 90 நாட், அதாவது மணிக்கு 90 கடல் மைல், ஆகவே காற்றில்லாத நாளிலேயே 3 மணி 20 நிமிடம் ஆகும். பயன்படும் எரிபொருள் 22.5 கேலன், மணிக்கு 6 கேலன் வீதம் 3 மணி 45 நிமிடத்துக்கு வரும். மிச்சம் 25 நிமிடம்தான். பகல் பறப்புக்குச் சட்டம் கேட்பதே 30 நிமிடம். வழியில் ஓரிடத்தில் இறங்கி நிரப்பியே ஆக வேண்டும், தீவில் எரிபொருள் விற்பனையும் கிடையாது. அந்த ஓடுபாதை வேறு ஒரு பாடம். 1,602 அடி உயரத்தில் மலையுச்சியை வெட்டிப் போட்ட 3,000 அடி. மேற்கு நோக்கி இறங்கும்போது முதல் பகுதி ஏற்றமாக இருப்பதால் மறுமுனை கண்ணுக்குத் தெரியாது. பாதை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பதறி பிரேக்கை மிதிப்பவர்கள் உண்டு. பாதை முனைக்கு வெளியே சரிவில் கீழிறங்கும் காற்று விமானத்தை அமுக்கும். 2019-இல் கடற்படையும் மரைன் படையும் புதுக் கான்கிரீட் போட்டபின் பள்ளங்கள் போயின, மேடு அப்படியேதான் இருக்கிறது. வாடகை விமானமென்றால் பல கிளப்புகள் பயிற்றுநரோடு ஒருமுறை போய்வரச் சொல்லும். ஏழு விமானிகளுக்கு அதை ஒரே மாதத்தில் முடிக்க முடியாது.

மே 11, ஞாயிறு

டாஹோ. ஏரி அழகு, ஓடுபாதை 8,500 அடிக்கு மேல் நீளம், தூரம் 112 கடல் மைல். தாளில் பார்த்தால் இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் களத்தின் உயரம் சுமார் 6,270 அடி. அந்த உயரத்தில் நியம வெப்பநிலை 2.5 டிகிரி செல்சியஸ். ஜூன் மதியம் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 25.5, டிகிரிக்கு 120 அடி வீதம் 3,060 அடி கூடும். டென்சிட்டி ஆல்டிடியூட், அதாவது காற்று மெலிந்ததால் விமானம் உணரும் உயரம், 9,300 அடி. கையேட்டின்படி 150 அங்கே முழு எடையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 அடிதான் ஏறும். அதுவும் புதிய என்ஜினுக்குச் சொன்ன கணக்கு. சுற்றிலும் மலை, பிற்பகலில் முகடுகளின் மறுபக்கம் கீழிறங்கும் காற்று நிமிடத்துக்கு 500 அடியைத் தாண்டலாம். நீளமான ஓடுபாதை தரையிலிருந்து கிளப்பிவிடும், மலையைத் தாண்டிக் கொடுக்காது.

மலைப் பயிற்சி முடித்த மூன்று பேர் தனியே விடியற்காலையில் போய்வரலாம். கூட்டமாகப் போக இது இடமில்லை.

மே 17, சனி

ஹாரிஸ் ரான்ச்: 115 கடல் மைல், ஓடுபாதை 2,820 அடி. நீளம் போதும், அகலம்தான் 30 அடி. லிவர்மோரின் 100 அடி அகலத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஒடுங்கிய பாதை தொலைவில் இருப்பதுபோல் தெரியும். உயரமாக வருகிறோம் என்று எண்ணி இறக்கத்தைத் தாழ்த்திவிடுவார்கள். ஏழு பேர் அடுத்தடுத்து அதைச் செய்வதை நினைத்தால் அங்கே கிடைக்கும் ஸ்டேக் ருசிக்காது. பக்கத்து மாட்டுக் கொட்டில்களின் வாடை வேறு. மாற்று இடமாக வைத்துக்கொள்ளலாம்.

ஹாஃப் மூன் பே: 34 கடல் மைல், 5,000 அடி, கடல்மட்டம். எல்லாம் சுலபம். ஆனால் உள்நாடு கொதிக்கிற நாளில்தான் கடலோரத்தைத் தாழ்மேகம் மூடும். காலையில் மூடியது மதியம் விலகி மாலையில் திரும்ப வரும். சாப்பிட்டு எழுந்தால் கிளம்ப முடியாது. நீக்கியாயிற்று.

மே 24, சனி

கொலம்பியா. 70 கடல் மைல், உயரம் சுமார் 2,100 அடி, தார்ப்பாதை 4,673 அடி. மதியம் 35 டிகிரி என்றாலும் டென்சிட்டி ஆல்டிடியூட் 5,000 அடிதான், 150 நிமிடத்துக்கு 450 அடி ஏறும். மிக்ஸ்சரை ஒல்லியாக்காமல், அதாவது கலவையில் எரிபொருளின் பங்கைக் குறைக்காமல், புறப்பட்டால் மட்டும் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். தரையிலேயே, புறப்படுமுன் என்ஜினைச் சோதிக்கும் ரன்-அப்பின்போதே சரிசெய்துகொள்ள வேண்டும்.

பக்கத்தில் 2,600 அடி புல்பாதையும் உண்டு. வாடகை, காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவும் புல்லில் இறங்க அனுமதிப்பதில்லை. அதனால் எல்லோரும் தார்ப்பாதையே. களத்திலேயே கூடாரம் அடிக்கலாம். 1850-இல் தங்கம் கிடைத்த பழைய ஊர் நடக்கும் தூரத்தில் இருப்பதால் கார் தேவையில்லை. ஏழு விமானக்காரர்களுக்கு வாடகைக் கார் தேடி அலைந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

சிக்கல் ஒன்றுதான்: இது மாநிலத் தீயணைப்புத் துறையின் விமானத்தளமும்கூட. தீ பிடித்தால் தீயணைப்பு விமானங்களான டேங்கர்கள் வரிசையாகக் கிளம்பும், தீப்பகுதிக்கு மேல் தற்காலிக வான்தடை விழும். டேங்கர் நிரப்பும் தளத்துக்கு முன்னால் யாரும் நிறுத்தக் கூடாது. நம் பயணத்துக்கு அடுத்த வாரம், ஜூன் 14–15, அங்கே நடக்கும் தந்தையர் தின விமானக் கூடலுக்கு உரியது. அதைத் தவிர்த்து 7-ஐப் பிடித்தது நல்லதாயிற்று. முடிவு: கொலம்பியா.

மே 31, சனி

எடைக் கணக்கை எல்லோரும் அனுப்பியாயிற்று. பிழை எப்போதும்போல 172-களில். உச்ச எடை 2,300 பவுண்டு, வெற்று எடை 1,450 என்றால் கையில் 850. முழு டேங்க் 40 கேலன், 240 பவுண்டு. மீதி 610. தலா 180 பவுண்டில் மூன்று பேர், 70 பவுண்டு சாமான், அவ்வளவுதான். நாலாவது ஆள் வேண்டுமென்றால் சாமானை விட்டுவிட்டு, எரிபொருளை 21 கேலனுக்குக் குறைக்க வேண்டும். மணிக்கு 8 கேலன் என்றால் இரண்டரை மணி நேரம்; 40 நிமிடப் பயணத்துக்கும் திரும்பி வரவும் ஒரு மணி நேர இருப்புக்கும் அது தாராளம். கொலம்பியாவில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் யாரும் வர வேண்டாம். எரிபொருள் பம்பின் அட்டை இயந்திரம் ஒருநாள் வேலை செய்யாது, அது நாம் போகிற நாளாக இருக்கும்.

ஒவ்வொரு விமானத்திலும்: விமானத்தைத் தரையில் கட்ட மூன்று நைலான் கயிறு, சக்கரக் கட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மணிலாக் கயிறு வேண்டாம், நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும்.

ஜூன் 6, வெள்ளி

இது ஒருவரையொருவர் ஒட்டிப் பறக்கும் அணிப் பறப்பு இல்லை. வேகமானவர் முதலில், மூன்று நிமிட இடைவெளி: பொனான்சா, செரோக்கிகள், 172-கள், கடைசியில் 150. இப்படிப் போனால் இடைவெளி தானே விரியும், இறங்குவதற்காகக் களத்தைச் சுற்றி வரும்போது யாரும் யாரையும் முந்த வேண்டியிருக்காது. போகும்போது 5,500 அடி, திரும்பும்போது 6,500. தங்களுக்குள் பேச 122.75 அலைவரிசை. அரட்டைக்கு 123.45 பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அமெரிக்காவில் அது நமக்கு உரியதில்லை. கொலம்பியாவிலிருந்து பத்து மைலில் அந்தக் களத்தின் அலைவரிசைக்கு மாறிவிட வேண்டும்.

காலை 7 மணிக்கு ஒரே தொலைபேசி அழைப்பு. லிவர்மோரில் தாழ்மேகம் இருந்தால் 10 மணிவரை காத்திருப்போம், அதற்கு மேல் இல்லை. வான்தடை அல்லது புகை என்றால் ஹாரிஸ் ரான்ச். 30 அடி பாதை வேண்டாம் என்பவர்கள் லிவர்மோரிலேயே இருக்கலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். திரும்பப் புறப்பாடு மாலை 6-க்குப் பிறகு, அதற்குள் வெக்கையும் குலுக்கலும் தணிந்திருக்கும். இரவுப் பறப்புக்குத் தகுதி காலாவதியான இருவர் மட்டும் கொலம்பியாவிலிருந்து காலை 11-க்குள், வெக்கை ஏறுமுன், கிளம்பிவிட வேண்டும், அல்லது கூடாரம் கொண்டுவர வேண்டும்.