கிரீன்லாந்து வழியாக லாஸ் ஏஞ்சலிஸ்

லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகும் விமானத்தில் என் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற தணிக்கையாளராம். எதிரே திரையில் அத்தனை படங்கள் இருக்க, மனிதர் வரைபடத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் கழித்து என் முழங்கையைத் தட்டினார்.

"தம்பி, கிரீன்லாந்துல நமக்கு என்ன வேலை?"

திரையில் விமானம் வடக்கே வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. "லாஸ் ஏஞ்சலிஸ் கீழே இருக்கு. இவர் மேலே போறார். மீட்டர் ஏத்துறாரா?"

இதுதான் குறுக்கு வழி என்றேன். அவர் பார்த்த பார்வையில், விமானியின் கூட்டாளிகள் பட்டியலில் நானும் சேர்ந்துவிட்டது தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டில் மிச்சமிருந்த ஆரஞ்சை எடுத்து, பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, ஹெட்போன் ஒயரை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். ஒயர் தானாக மேல் பக்கம் ஏறிப் போனது. உருண்டையைத் தட்டையாக விரித்தால் நேர்கோடு வளைவாகத் தெரியும், அவ்வளவுதான். பெரியவர் ஒயரை இரண்டு முறை தானே இழுத்துப் பார்த்தார். திருப்தியானதும் உலகத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டார்.

சரி, முடிந்தது என்று கண்ணை மூடினேன். அப்புறம்தான் கணக்கே ஆரம்பித்தது. தூரம் சுமார் 8,750 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 900. கை துடைக்கும் காகிதத்தில் வகுத்தால் 9 மணி 43 நிமிடம். டிக்கெட்டிலோ 11 மணி 15 நிமிடம். "மிச்சம் ஒன்றரை மணி நேரம் எந்தக் கணக்குல போகுது?"

தணிக்கை என்றால் இது தணிக்கை! விமானம் வாயிலை விட்டு நகர்வது முதல் அங்கே வாயிலில் நிற்பது வரை எல்லாமே டிக்கெட் நேரத்தில் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது உட்பட. தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் போட்டு வைப்பார்கள். தாமதமாகக் கிளம்பிவிட்டு "முன்கூட்டியே வந்துவிட்டோம்" என்று பெருமையாக அறிவிக்கிறார்களே, அந்த ரகசியம் இதுதான்.

மீதி, காற்றின் கணக்கு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்று போகும்போது முகத்தில் அறையும், வரும்போது முதுகைத் தள்ளும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில், வழக்கமாக ஏழு மணி நேரம் போல ஆகும் நியூயார்க் - லண்டன் தூரத்தை ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது என்றேன். பெரியவர் அசரவில்லை. "அப்போ நமக்குத் திரும்பி வர்றப்பதான் லாபம்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்து மடியில் விரித்தார்.

போவது: காலை 11 மணிக்குக் கிளம்பி, அதே நாள் மதியம் 2.15. வருவது: மாலை 5 மணிக்குக் கிளம்பி, மறுநாள் காலை 11.30.

இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள எட்டு மணி நேர வித்தியாசத்தைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டார்.

"போக மூணேகால் மணி நேரம், வர பதினெட்டரை. காற்று தள்ளுற லட்சணம் இதுதானா தம்பி?"