4×5 கேமராவுக்கு நீள லென்ஸ்: 300ஆ, 360ஆ?

இதுவரை 150 மி.மீ. லென்ஸ் ஒன்றை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்தது தூரத்து மலைகளின் மடிப்புகள், அவையோ கிரவுண்ட் கிளாஸில் (கேமராவின் பின்னால் படம் விழும் சொரசொரப்புக் கண்ணாடியில்) நகத்தளவுக்குத்தான் விழுகின்றன. 4×5 அங்குல ஃபிலிமில் 300 மி.மீ. என்பது 35 மி.மீ. கேமராவில் ஏறக்குறைய 90 மாதிரி. கேட்டால் ஒன்றும் பெரிய நீளமாகத் தெரியாது, ஆனால் கேமராவில் மாட்டிப் பார்த்தால்தான் அதன் பாடு தெரியும்.

முதல் வேலையாக டேப்பை எடுத்து பெல்லோஸை, அதாவது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவிலுள்ள துருத்தியை, அளந்தேன். லென்ஸ் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் பாதி லென்ஸ்கள் தானாகவே கழன்றுவிடும். என் மடக்கு கேமராவை முழுக்க இழுத்தால் 350 மி.மீ.தான் வரும். டெலி வகை (குவியத்தூரத்தைவிடக் குறைந்த நீட்டலே கேட்கும் வடிவம்) அல்லாத லென்ஸ் என்றால் தூரத்து மலைக்கு ஃபோகஸ் செய்யவே அதன் குவியத்தூரம் அளவுக்கு பெல்லோஸ் நீளவேண்டும், பொருள் கிட்டே வர வர இன்னும் கூடுதலாக. ஆக 450 அப்போதே போச்சு. 300 போட்டால் 50 மி.மீ. மிச்சம், கணக்குப் போட்டால் சுமார் 2.1 மீட்டர் வரை கிட்டே போகலாம், தோளளவு ஆள்படத்துக்கு அது போதும், பூவுக்கெல்லாம் ஆகாது. 3 மீட்டரிலேயே நீட்டல் 333 மி.மீ. ஆகிவிடுகிறது, எக்ஸ்போஷரில் மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டவேண்டும், அதைக் கேமராவின் அடிப்பலகையில் பென்சிலால் குறித்தும் வைத்துவிட்டேன்.

அப்புறம் 360 டெலி. இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தது நிக்கோர்-டி 360 எஃப்/8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் வழி வரும் வெளிச்சம் கூடும்). டெலி வடிவம் என்பதால் முடிவிலிக்கு 260 மி.மீ. சொச்சம் நீட்டினால் போதும், பெல்லோஸ் தாராளமாக மிஞ்சுகிறது, 300-ஐவிடக் கிட்டே கூடப் போகலாம். பிறகென்ன, இதையே வாங்கியிருக்கலாமே என்றால், டில்ட் செய்யும்போதுதான் வம்பு. முன்னால் ஒரு பாறை, பின்னால் மலை, இரண்டும் கூர்மையாக வரவேண்டும் என்று முன்பலகையைக் கொஞ்சம் சாய்த்தேன். லூப்பில், அதாவது உருப்பெருக்கியில், பார்த்துக்கொண்டிருந்த பாறை விளிம்பு சட்டென்று நகர்ந்து ஃபோகஸும் கலைந்துவிட்டது. இந்த வகை லென்ஸில் சாய்வின் மையம் முன்பலகையிலிருந்து வெகுவாக முன்தள்ளி இருப்பதால் ஒவ்வொரு சாய்வுக்கும் ஃபோகஸையும் ஃபிரேமையும் திரும்பச் சரிசெய்யவேண்டும். செய்யலாம்தான், ஆனால் வெளிச்சம் ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

300-லேயே எஃப்/5.6 லென்ஸ்கள் உண்டு. கிரவுண்ட் கிளாஸ் பளிச்சென்று இருக்கும், சரி, ஆனால் கோப்பல் 3 என்ற பெரிய ஷட்டரோடு ஒரு கிலோ பக்கம் வந்துவிடும், என் கேமராவின் முன்பலகை அந்தப் பாரத்தில் தலைகுனிந்துவிடும். கடைசியில் நிக்கோர்-எம் 300 எஃப்/9-இல் வந்து நின்றேன். 290 கிராம், அதைவிடச் சிறிய கோப்பல் 1 ஷட்டர், 52 மி.மீ. ஃபில்டர். 5.6-ஐவிட ஒன்றே கால் ஸ்டாப்புக்கு மேல் இருட்டு, அந்தி நேரத்தில் கறுப்புத் துணிக்குள் கண் பழகக் கொஞ்சம் காத்திருக்கவேண்டியிருக்கிறது. எடுப்பது எஃப்/32 பக்கம் என்பதால் ஃபிலிமுக்கு அதனால் நட்டமில்லை.

இப்போதைய தலைவலி காற்று. இவ்வளவு நீட்டிய பெல்லோஸ் லேசான காற்றுக்கே கப்பல் பாய் மாதிரி புடைக்கிறது. லூப்பை வைத்துக்கொண்டு, ஷட்டர் திறந்தே இருக்கும்படி கேபிள் ரிலீஸை அழுத்திப் பிடித்துப் பார்த்தால், அது திறந்த சத்தத்துக்குப் பிறகும் மரக்கிளையின் விளிம்பு நடுங்குவது கண்ணுக்கே தெரிகிறது. கேமராவின் முன்பகுதிக்குக் கீழே இன்னொரு தாங்கல் கொடுத்ததும் பாதிக்கு மேல் அடங்கியது. மீதிக்குக் குடையை விரித்துக் காற்றை மறைக்கிறேன், அதுவும் எடுபடாவிட்டால் காற்று தணியும் வரை நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் பாக்கி. இந்த லென்ஸ் எஃப்/22-இல் 325 மி.மீ. வட்டத்துக்குப் படம் விழவைக்கிறது, 4×5-க்குத் தேவையோ அதில் பாதிக்கும் குறைவு. உபரி வெளிச்சமெல்லாம் பெல்லோஸுக்குள் பட்டுத் தெறிக்கிறது, வானம் பிரகாசமாக இருந்த படங்களில் நிழல்கள் வெளுத்திருப்பதற்கு நான் சந்தேகப்படுவது அதைத்தான். கறுப்பு அட்டையில் லென்ஸுக்கு முன் மறைப்பாக நீளமாக ஒரு ஹூட் வெட்டி, மூலைகள் மறையாத அளவுக்கு நறுக்கிக்கொண்டிருக்கிறேன். அதோடும் அது இல்லாமலும் ஒரே காட்சியை எடுத்து, நெகட்டிவ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.