புராஸ்டேட் கேன்சரும் சாப்பாடும்: காய்கறியில் கோட்டை விடுவதில்லை, மாத்திரை நேரத்தில்தான்

டயட் சார்ட் கொடுங்கள் என்று கேட்டால் கவுண்டரில் நீட்டுவது சர்க்கரை நோயாளிகளுக்கு அச்சடித்த தாளின் ஜெராக்ஸ். அப்பாவுக்கும் அதுதான் கிடைத்தது. "பால், தயிர் தவிர்க்கவும்" என்ற வரியை மட்டும் யாரோ பேனாவால் சேர்த்திருந்தார்கள். அதே கட்டடத்தில் எலும்பு அடர்த்தி பார்த்த டாக்டர் தினமும் அரை லிட்டர் பால் என்று எழுதினார். இரண்டு பேரும் புரட்டியது ஒரே ஃபைல். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி, ஸ்கேன், இன்சூரன்ஸ் எல்லாம் ஒருவழியாக நடந்துவிட்டன. இழுத்தடித்தது சாப்பாடுதான். அதே பாதையில் நிற்பவர்களுக்காக இது.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உணவை மாற்றினால் கட்டி அடங்கிவிடுமா என்பதை அமெரிக்காவில் முறையாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆரம்ப நிலைப் புற்றுநோயோடு, சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்த 478 ஆண்கள். அதில் ஒரு பிரிவினருக்குப் போனில் ஆலோசனை சொல்லி, தினமும் ஏழு பங்கு காய்கறி என்று இலக்கு வைத்தார்கள். அவர்கள் காய்கறியைக் கூட்டித்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும் இரண்டு வருட முடிவில் நோய் முன்னேறிய வேகத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2020-இல் வெளிவந்த முடிவு இது. 2024 கடைசியில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இன்னொன்று வந்தது: 100 பேர், ஒரு வருடம், ஒமேகா-6 எண்ணெய்களைக் குறைத்து, மீனும் மீன் எண்ணெய் மாத்திரையும். கட்டியின் செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 என்ற அளவு உணவை மாற்றியவர்களுக்குச் சுமார் 15 சதவீதம் இறங்கியது, மற்றவர்களுக்கு 24 சதவீதம் ஏறியது. கட்டி எவ்வளவு தீவிரமானது என்பதைக் காட்டும் கிளீசன் கிரேடில் மட்டும் மாற்றம் இல்லை. ஆக, மத்தியும் அயிலையும் வாரம் இரண்டு நாள் குழம்பாக வைப்பது நல்ல விஷயம்தான். சூரியகாந்தி எண்ணெயில் பொரித்து எடுத்தால் அந்தக் கணக்கே கெட்டுவிடும். மீனை நம்பி ஊசியைத் தள்ளிப்போடுவது வேறு கதை. அதைச் செய்யவே கூடாது.

அடுத்த தலைவலி பி.எஸ்.ஏ. எண், அதாவது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்ற அளவு. அது கொஞ்சம் இறங்கினால் மாதுளை ஜூஸுக்குப் புகழ், ஏறினால் ஆட்டுக்கறிக்குத் திட்டு. இரண்டுமே அவசரம். சிறுநீர்த் தொற்று இருந்தால் ஏறும். முந்தைய இரண்டு நாளில் விந்து வெளியேறியிருந்தாலும் ஏறலாம். லேப் மாறினால் மெஷின் மாறும், எண்ணும் மாறும். அதனால் எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். சிறுநீர் தாராளமாகப் போக ஃபினஸ்டரைடு, டுடாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் பி.எஸ்.ஏ. பாதியாகிவிடும். பார்க்கும் டாக்டர் அதை இரண்டால் பெருக்கித்தான் படிப்பார். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக்குப் போகும்போது மாத்திரைப் பெயரைச் சொல்லாவிட்டால் அவர் பாதி எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிடுவார். யாரும் எச்சரிக்காதது பயோட்டின். முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம் என்று இருக்கும். சில லேப் மெஷின்களில் அது பி.எஸ்.ஏ.வைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று லேபிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய ஆபத்து, உடம்பில் ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரையில். வழக்கமான அளவு 1000 மில்லிகிராம், அதாவது 250-இல் நான்கு. வெறும் வயிற்றில் போட வேண்டும்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், போட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் சேரும் மருந்து பத்து மடங்கு வரை கூடிவிடும். இதோடு தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையோ சாப்பாட்டோடு போட வேண்டியது. மருந்துக்கடைக்காரர் இரண்டையும் ஒரே கவரில் போட்டு, மேலே "காலை, சா.பின்" என்று எழுதித் தந்துவிடுகிறார். எங்களுக்கு வந்த கவரிலும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் சரிப்பட்ட நேரம் விடியற்காலை: எழுந்ததும் தண்ணீரில் அபிராடெரோன், ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டிபனோடு பிரெட்னிசோலோன். பால் விட்ட காபியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். அதை விட்டுக்கொடுக்க வைப்பதுதான் பெரும் பாடு. 

இதில் ஒரு குறுக்குப்பாதையும் உண்டு. ஒரே ஒரு 250 மாத்திரையைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு தருவது. 2018-இல் 72 பேரிடம் செய்த சோதனையில் பி.எஸ்.ஏ.வை இறக்கியதில் இது முழு அளவைவிடப் பின்தங்கவில்லை. செலவு கால்வாசி என்பதால் சில டாக்டர்கள் இதை எழுதுகிறார்கள். உங்கள் சீட்டில் அப்படி இருந்தால் எழுத்துப்பிழை என்று நினைக்க வேண்டாம். நீங்களாக அதற்கு மாறவும் வேண்டாம். எந்த அளவாக இருந்தாலும் ரத்த அழுத்தம், பொட்டாசியம், கால் வீக்கம் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைய வேண்டியது இதற்காகத்தான்.

பால் வழக்குக்கு வருவோம். பாலும் கால்சியமும் மிக அதிகமாக எடுப்பவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக வருகிறது என்று மக்களைத் தொடர்ந்து கவனித்த சில ஆய்வுகள் சொல்கின்றன. பேனா வரி அங்கிருந்து வந்தது. ஹார்மோன் ஊசி எலும்பைக் கரைக்கிறது, அரை லிட்டர் பால் அங்கிருந்து வந்தது. கடைசியில் எங்களுக்கு வழி காட்டியவர் ஒரு டயட்டீஷியன். அவர் பாலைப் பேசவில்லை, மொத்தக் கால்சியத்தை எண்ணச் சொன்னார்: உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம். ஒரு டம்ளர் பால், 200 மில்லி, சுமார் 240. கேழ்வரகு மாவு 50 கிராம், சுமார் 180. தயிர், கீரை, நெத்திலி சேர்ந்தால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே போதும், பலர் போடுவது இரண்டு. வைட்டமின் டி பொடியில் கவனம்: 60,000 யூனிட் சாஷே வாரம் ஒன்று, தினம் ஒன்று இல்லை. தினமும் கரைத்துக் குடித்து ரத்தத்தில் கால்சியம் ஏறிப் படுத்தவர்கள் உண்டு. எலும்புக்கு ஊசி போடப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பிறகு பல் பிடுங்குவது தாடை எலும்புக்கு ஆபத்து.

ஹார்மோன் ஊசி போட்டால் தொப்பை வரும், தசை கரையும், சர்க்கரை ஏறும். சாப்பாடு உண்மையிலேயே வேலை செய்வது இங்கேதான். சிறுநீரகம் நன்றாக இருந்தால் எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் குறையாமல் பாருங்கள். 65 கிலோ ஆளுக்கு 65 கிராம். இட்லியும் ரசமும் அதை எட்டவே எட்டாது. முட்டை 6, ஒரு கிண்ணம் சுண்டல் 12-க்கு மேல், 100 கிராம் மீன் ஏறக்குறைய 20. கூடவே கை, கால் தசைக்கு எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். இல்லாவிட்டால் தின்ற புரதம் தசையாக நிற்காது. சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே விட்டால் மதியம் வியர்த்துக் கொட்டி மயங்கி விழுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினம் ஒரு கட்டுக் கீரைக்கு மாறினால் மருந்தின் வீரியம் இறங்கிவிடும். கீரை வேண்டாம் என்று இல்லை, ஒரே அளவாக இருக்க வேண்டும்.

கதிர்வீச்சு நாட்களில் மட்டும் எல்லாம் தலைகீழ். குடலில் வாயு சேர்ந்தால் புராஸ்டேட் இடம் மாறுகிறது, மேசையிலிருந்து இறக்கி மறுபடி வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த வாரங்களில் கொண்டைக்கடலை, மொச்சை, முட்டைக்கோஸ், சோடா நிறுத்தம். நார்ச்சத்து நல்லது என்று வாங்கி அடுக்கிய காலிஃபிளவரை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம்.

பார்க்க வருகிறவர்கள் டப்பா இல்லாமல் வருவதில்லை. மஞ்சள் கேப்சூல், தக்காளிச் சத்து, செலினியம். நோய் இல்லாத 35,000-க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனையில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்தது. செலினியத்தால் பலன் இல்லை. 2011-லேயே வெளியான செய்தி, டப்பாக்காரர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. குழம்பில் போடும் மஞ்சள்தூளால் ஒன்றும் ஆகாது. செறிவூட்டிய கேப்சூல் கல்லீரலைத் தொடலாம். அபிராடெரோனும் அதே கல்லீரலைத்தான் தொடும். கல்லீரல் ரிப்போர்ட்டில் எண் ஏறினால் எதனால் என்று டாக்டருக்கே தெரியாமல் போய், நல்ல மருந்தை நிறுத்தச் சொல்வார். டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அடுத்த ரிவ்யூவுக்குக் கொண்டு போங்கள். எத்தனை மில்லிகிராம் என்று அச்சிடாத டப்பாவை அங்கே வரை கொண்டு போகவும் தேவையில்லை.