ஊழியத்துக்குப் போனவரின் மனைவி

1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வாழ்ந்த மார்மன் (அங்கே தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபை) பெண்களைப் பற்றிப் படிக்கப் படிக்க மனசு கனத்துப் போகிறது. சபை அழைத்தால் பிள்ளைகுட்டிக்கார ஆண்களும் மதத்தைப் பரப்பும் ஊழியத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டு வருஷம், சமயத்தில் அதற்கும் மேலே. சம்பளம் கிடையாது. பண்ணை, மாடு, கைக்குழந்தை எல்லாம் மனைவி தலையில்தான். வெண்ணெய் விற்ற காசில் கணவர் செலவுக்கும் அனுப்ப வேண்டும். என்ன நெஞ்சுரம்!

இத்தனைக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமை கோழி இட்ட முட்டைகளை வீட்டுக்கு எடுக்காமல், பெண்களே நடத்திய நிவாரணச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். பஞ்ச காலத்துக்கு என்று அந்தச் சங்கம் 1876 முதல் கோதுமையும் சேர்த்து வந்தது. முதல் உலகப்போரின்போது, 1918-இல், அதிலிருந்து 2 லட்சம் புஷலுக்கு (தானியம் அளக்கும் ஓர் அளவு) மேல் அமெரிக்க அரசுக்கு விற்றார்கள்.